ஹிதாயத்துல்லாவின் நண்டுகள்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்து வடைக்கடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வந்து விழும். "அண்ணே, ஒரு நண்டு போட்டுக் குடுங்க." சொல்லிவிட்டு ஹிதாயத்துல்லா அங்கே நிற்கமாட்டார். அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். அங்கிருந்து கழுத்தை எக்கிப் பார்ப்பார். வரைந்து முடிக்குமுன் வந்து பிடுங்கிக்கொள்வார்.

"சாரு, நண்டு வேணும்னா கூடையில உசுரோட கெடக்கு. காயிதத்துல வாங்கிப் போயி எப்பிடிக் கொழம்பு வெப்பீங்க?" என்பார் வலைக்காரர் அய்யனார். வடை பிய்த்த கையாலேயே, கால் எட்டும் கொடுக்கு ரெண்டும் குறையாமல் வரைந்தும் கொடுப்பார்.

ஹிதாயத்துல்லா, சலீமா பீவியின் நடுப்பிள்ளை. அந்த வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு உட்கார்ந்த இடம் சுடும். இவருடைய அத்தா தன் நிக்காஹ் விருந்திலேயே பாதியில் எழுந்து, படகு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனவர்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில், பௌதிக ஆய்வுக்கூடத்தில் வேலை. படத்தைப் பார்த்து இன்னது என்று சொல்லும் இயந்திரம் அயல்நாட்டில் செய்கிறார்களாம் என்று எதிலோ படித்தார். அத்தோடு சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு. வீட்டு முன்னறையில் ஒரு மரப்பெட்டி முளைத்தது. உள்ளே ஒரு பக்கம் பல்பு. எதிர்ப்பக்கம், வெளிச்சம் பட்டால் மின்சாரம் விடுகிற சின்னச் சின்னக் கண்கள். நடுவில் தாளைச் செருகினால், நண்டுக்குச் சிவப்பு விளக்கு எரியவேண்டும், மீனுக்குப் பச்சை. தப்பாக எரிந்தால் திருகுகளைக் கொஞ்சம் திருப்பிவிட்டு அடுத்த தாள். "புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற மாதிரிதான்" என்பார். பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுத்து மனைவி ருக்கையா பார்த்ததில்லை.

மீன்களைக் கல்லூரிக் குமாஸ்தாக்கள் மேசையில் வைத்து வரைந்து கொடுத்தார்கள். நண்டை மட்டும் அவர்களிடம் கேட்கவில்லை. "நண்டப் புடிக்கிறவன்தான் நண்டப் போடணும்" என்று கடலூருக்குப் பஸ் ஏறியவர் இவர்.

ஊரில் இருப்பதா, கப்பல் ஏறுவதா என்பதே அந்தப் பெட்டியின் கையில் வந்து நின்றது. ருக்கையாவின் அண்ணன் அப்துல் முத்தலிப்புக்குப் பினாங்கில் துணிக்கடை. தங்கை மாப்பிள்ளையைக் கூட்டிப் போகவே வந்திருந்தார். "உங்க முன்னால பொட்டி நண்ட நண்டுன்னு சொல்லும் மச்சான். சொல்லலேன்னா நாகப்பட்டணத்துல உங்களோட கப்பல் ஏறிடுறேன்" என்று இவர் வாக்கை விட்டுவிட்டார்.

மச்சானை எதிரே உட்காரவைத்து, சேர்த்து வைத்த தாள்களை ஒவ்வொன்றாகச் செருகினார். நண்டுக்குச் சிவப்பு, மீனுக்குப் பச்சை. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹிதாயத்துல்லா உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலை மூடினார், திறந்தார்.

"இருங்க மாப்ள, நான் ஒண்ணு போடுறேன்." முத்தலிப் புதுத்தாளில் நண்டு வரைந்தார். பச்சை எரிந்தது. இன்னொன்று, பெரிசாக. அதற்கும் பச்சை.

"ஒங்க பொட்டி கப்பல்காரன்கிட்ட கமிஷன் வாங்கிடுச்சு போலருக்கு மாப்ள!"

திருகைத் தொடப் போன ஹிதாயத்துல்லாவின் கையை முத்தலிப் பிடித்துக்கொண்டார். வாடா என்கிற இறால் வடையை, எண்ணெய் சொட்டச் சொட்டத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள் ருக்கையா. "போறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. துணி தொவைக்கணும்" என்றாள், சுவரைப் பார்த்து.

வாடாவைத் தின்றுகொண்டே, விளையாட்டுக்கு ஒரு மீனைக் கிறுக்கிச் செருகினார் முத்தலிப். சிவப்பு.

"நண்ட மீனுங்குது, மீன நண்டுங்குது!"

ஹிதாயத்துல்லா தாளைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரல் பட்ட இடமெல்லாம் பளபளவென்று வெயில் இறங்கியது. ஒன்றுமே வரையாத தாளை எடுத்து வாடாவைத் தேய்த்துச் செருகினார். சிவப்பு. துறைமுகத்து நண்டுத் தாள்களை வாரி வெளிச்சத்தில் பார்த்தார். அத்தனையிலும் எண்ணெய் விரல். குமாஸ்தாக்களின் மீன்களில் ஒரு பொட்டு இல்லை.

"இது நண்டப் பாக்கவே இல்ல மச்சான். அய்யனாரு தின்ன வடையப் பாத்திருக்கு. எண்ணெ பட்டா வெளிச்சம் ஜாஸ்தி எறங்குதுல்ல, அதப் புடிச்சிக்கிச்சு!" தோற்றவன் முகமா அது? பெருநாள் பிறை கண்ட முகம்.

"அதெல்லாம் சரி மாப்ள. வாக்கு?"

"வாக்கு வாக்குதான். வர்றேன்." ருக்கையா வெறும் தட்டை எடுத்துக்கொண்டு விருட்டென்று உள்ளே போனாள். அவள் போன வாசலையே இவர் கொஞ்சம் பார்த்தார். பிறகு முத்தலிப் பக்கம் திரும்பி, "பினாங்குலயும் நண்டு உண்டுல்ல மச்சான்?" என்றார்.

பதிலுக்கு நிற்கவில்லை. கக்கத்தில் வெள்ளைத் தாள் கட்டோடு, தாம்பாளமும் கெண்டித் தண்ணீரும் சோப்புமாக வந்து, கல்யாண விருந்தில் சம்பந்திக்கு ஊற்றுகிற மாதிரி குனிந்து முத்தலிப்பின் கைக்குத் தண்ணீர் வார்த்தார். தன் துண்டை உதறி எடுத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண் வரைக்கும், ஈரம் போகத் துடைத்தார்.