மாமா தலைமேல் மட்டும் மழையில்லை

வானிலை அலுவலகத்தில் அவளுக்குத் தூறல் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதற்கு வம்பு என்று, முன்னறிவிப்பில் எங்கே சந்தேகம் வந்தாலும் லேசான தூறல் போட்டுவிடுவாள். பெய்தால் "அப்பவே சொன்னேனே" எனலாம். பெய்யாவிட்டால் "லேசாத்தானே சொன்னேன்" என்று நழுவலாம். அந்தப் பழக்கத்தை அவள் எப்போதோ விட்டொழித்துவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதை வீடுவரை கொண்டுவந்து சேர்த்ததும் அவளேதான். சாப்பாட்டு மேசையில் ஒருநாள் உளறிவிட்டாள். அக்காவின் கணவர் விடுவாரா? அவர் கூரை வேலைக்காரர். ஓடு மாற்றுவதும் ஒழுகலை அடைப்பதும் தொழில். வானத்தை அண்ணாந்து பார்த்தே பிழைப்பவர், மச்சினியின் முன்னறிவிப்பை மட்டும் சீந்தமாட்டார்.

"நீ வெயில்னு சொன்னா நான் குடை எடுத்துப்பேன். மழைன்னு சொன்னா உங்கக்காகிட்ட துணி துவைக்கச் சொல்லுவேன்" என்பார்.

தூறலும் கூடவே சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசை உண்டு. ஒரே ஒரு தடவை, இந்த மனிதர் தன் வரைபடத்தை நம்பி ஏணியில் ஏற வேண்டும்.

அவள் வேலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் படத்துக்கு வண்ணம் தீட்டுவது போலிருக்கும். ஊரும் ஏரியும் மலையும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் விரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும், நாளின் ஒவ்வொரு மணிக்கும், என்ன வானிலை என்று குறித்திருக்கும்: மழையா, இடியா, மூடுபனியா, அங்கங்கேயா, பரவலாகவா, லேசா, பலமா. கணினி போட்டுத் தந்தது சரியில்லை என்று தோன்றும் இடத்தில் மவுஸால் தேய்த்துத் திருத்துவாள். தேய்ப்பதில் இரண்டு வழி. 'சேர்' என்று வைத்தால் இருப்பதோடு புதியதும் சேரும். 'மாற்று' என்று வைத்தால் இருந்தது அழிந்து புதியது மட்டும் நிற்கும்.

அன்று விடியற்காலையில் வந்து உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, முந்தைய ஷிஃப்டுக்காரர் ஏரிக்கரை நெடுக விட்டுப்போயிருந்த தூறல்.

"யாருங்க இது, என் பேர்ல கடை போட்டிருக்கிறது?"

"உன் வாரிசு யாராவது இருக்கும்" என்றார் பக்கத்து மேசைக்காரர். காற்றின் வேகம் அவர் பொறுப்பு.

அவள் 'மாற்று' வைத்து ஒரே இழுப்பில் ஏரிக்கரையைத் துடைத்தாள். குஷியாக இருந்தது. அதே குஷியில் மலைச்சரிவுக்குப் போனாள். அங்கே பிற்பகலில் இடிமழை, அது ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. நாள் முழுக்க இருக்கப்போகிற மூடுபனிதான் குறிக்கப்படாமல் இருந்தது. அதையும் தேய்த்துப் போட்டாள், அனுப்பினாள், அறிக்கை எழுதி முடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் காபி எடுக்கப் போனாள்.

கோப்பையில் பால் ஊற்றும்போது கைப்பேசி அடித்தது. மாமா.

"என்ன மச்சினி, மாமா மேல இவ்ளோ பாசமா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்ல, நெசமாதான் சொல்றேன். உன் படத்தைப் பாத்துட்டுதான் வேலைக்கே வந்தேன். ஊரெல்லாம் இடிமழை போட்டிருக்க, நான் நிக்கிற மலைச்சரிவுல மட்டும் சொட்டுத் தண்ணி இல்ல, வெறும் பனி. எனக்குன்னு குடை புடிச்ச மாதிரில்ல இருக்கு! சரின்னு பியானோ டீச்சர் வீட்டுக் கூரையைப் பாதி பிரிச்சாச்சு."

எத்தனையோ நாளாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் மலைச்சரிவில் மழை இருக்க வேண்டுமே! கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். திரையில், அடர்ந்த மழைக்கு நடுவே, யாரோ கடித்துத் துப்பிய மாதிரி மலைச்சரிவு மட்டும் வெள்ளையாக இருந்தது. மூலையில் 'மாற்று' இன்னும் மாறாமல் நின்றது. அவள் போட்ட பனி மழையை விழுங்கியிருந்தது.

"கணினியில இப்பதான் புதுசா கணக்கு வந்திருக்கு மாமா" என்று சொல்லிவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மாமா, அது பாசம் இல்ல. தப்பு."

"என்னது?"

"பனியைப் போடுறப்போ மழையை அழிச்சுத் தொலைச்சுட்டேன். மத்தியானத்துக்கு மேல இடிச்சுக்கிட்டு வரும். அதுக்குள்ள மூடிடுங்க."

மறுமுனையில் ஆட்களைப் பார்த்து, "பிரிச்சது போதும்! எல்லாரும் தார்ப்பாயைப் புடிங்கப்பா!" என்றொரு கத்தல். இணைப்பு அறுந்தது.

அவள் 'சேர்' என்று வைத்து, மழையையும் பனியையும் ஒன்றாக உட்காரவைத்து, திருத்தம் என்ற குறிப்போடு அனுப்பினாள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மழைக்கே ஓட்டை போட்டியா? தூறல் போட்ட காலத்துலகூட நீ இவ்ளோ ஆபத்தா இல்லம்மா."

அதன்பின் ஜன்னலே கதியென்று கிடந்தாள். பியானோ அந்த வீட்டு வாசல்வழியே வெளியே போகாது என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். பெய்தால் பியானோ பாழாகும். பெய்யாவிட்டால் ஒரே நாளில் இரண்டு முறை பொய் சொன்னவள் ஆவாள். எதை வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை.

சொன்னபடி பெய்தது, கொட்டோ கொட்டென்று.

வேலை முடிந்ததும் நேரே மலைச்சரிவுக்குப் பஸ் ஏறினாள். வீட்டின் மேல் தார்ப்பாய் தண்ணீர் தேங்கித் தொப்பையும் தொந்தியுமாகத் தொங்கியது. உள்ளே டீச்சர் பியானோவில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். வாசலில் மாமா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

"வா தூறல்."

"பியானோ?"

"அது சௌக்கியம். நான்தான் ஊறிட்டேன். கடைசி மூலைக்குத் தார்ப்பாய் எட்டல, என் மழைக்கோட்டைக் கழட்டிக் கட்டினேன்."

"இனிமே என் படத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டீங்க, இல்ல?"

"படத்தை எவன் பாப்பான்?" சட்டை நுனியைப் பிழிந்தார். "நேரா உனக்கே போன் அடிச்சுடுவேன். தப்புன்னா தப்புன்னு அந்த நிமிஷமே சொல்றியே. சரி, ராத்திரிக்கு என்ன?"

உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டுமே.

"லேசா தூறல்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெடித்துச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் ஏணியில் ஏறி, தார்ப்பாயின் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.