வல்லாரை உருண்டையும் கணக்கு சாரும்

வல்லாரையை மிளகோடு சேர்த்து அரைக்கும்போது வரும் வாசனை, மழைக்குப் பிறகு ஏரிக்கரைச் சேற்றில் செருப்பு புதைந்துபோய் இழுக்கும்போது வருகிற அதே பச்சை வாசனைதான். மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு மணக்கும்; ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மட்டும் மிக்ஸி அலற, ஞாபக சக்தி மணந்தது.

அப்பா கணக்கு ஆசிரியர். மொட்டை மாடிக் கொட்டகையில் அவர் எடுத்த டியூஷனுக்குப் பம்மலிலிருந்தும் பீர்க்கன்கரணையிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பாடம் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு வல்லாரை உருண்டை வாங்கி விழுங்கியாக வேண்டும். பிள்ளைகள் அந்த வரிசைக்கு வைத்த பெயர் "ரேஷன் க்யூ". அப்பா எதிரே நின்று, "வாயைத் திற, முழுங்கு, நாக்கை நீட்டு" என்று சோதித்த பிறகுதான் பாயில் உட்கார விடுவார். ஒரு சின்னத் தேற்றத்தைக்கூட நிரூபணம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாத மனிதர், வல்லாரைக்கு மட்டும் எந்த நிரூபணமும் கேட்டதில்லை. பாஸானவன் வல்லாரையால் பாஸானான், பெயிலானவன் அதை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

வரிசையில் கடைசி ஆள் நான். டியூஷன் நேரத்தில் நானும் அவரை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். "இங்க எல்லாரும் ஒண்ணுதான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடம் முடிந்து, "இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சாக்பீஸ் கையைக் குழாயடியில் கழுவிக்கொண்டு திரும்பி, "என்னம்மா, பசிக்குதா?" என்று கேட்பாரே, அந்த நொடியில்தான் எனக்கு அப்பா திரும்பக் கிடைப்பார். கை கழுவுகிற சத்தத்துக்காகவே நான் காத்திருப்பேன்.

இப்போது அப்பாவுக்கு மறதி நோய். டாக்டர் அல்சைமர் என்று சொன்ன மறு வாரமே செய்தி டியூஷன் பிள்ளைகளுக்கெல்லாம் போய்விட்டது. அந்தக் காலத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டு வருவார்கள். இவர்கள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டு வருகிறார்கள். வல்லாரை மாத்திரை, பிரம்மி லேகியம், மீன் எண்ணெய், வைட்டமின், கிங்கோ என்று ஏதோ ஒரு வெளிநாட்டு இலை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, கூடவே கைப்பேசியில் வைத்தியமும் வந்து விழுகிறது. "சார் குடுத்த வல்லாரைதான் என்னை ஆளாக்குச்சுக்கா" என்று கண் கலங்குகிற மனிதரிடம் நான் என்ன சண்டை போடுவது?

கொண்டு வந்ததை வைத்துவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. வந்தவர்கள் தங்கள் கையாலேயே ஒரு வேளை கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அதற்கு முன் மரியாதையாக ஒரு கேள்வி வேறு: "மாத்திரை சாப்டீங்களா சார்?" மறதி நோயாளியிடம் கேட்கிற கேள்வியா இது! அப்பா மிகவும் நேர்மையாக யோசித்துப் பார்த்து, "இல்லையேப்பா" என்பார். காலையில் வந்தவரிடமும் அதே பதில், மத்தியானம் வந்தவரிடமும் அதே பதில். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மனிதர் எத்தனை மாத்திரை விழுங்கியிருக்கிறார் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

ஒரு நாள் காலை அப்பாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. கையில் எங்கெங்கோ நீலத் திட்டுகள். பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு, தாம்பரத்தில் டாக்டரிடம் ஓடினேன். அவர் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதயத்துக்காக ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்கோம். இதுல சிலது அதோட சேர்ந்தா ரத்தம் நிக்காதும்மா. இலைன்னா கெடுதல் பண்ணாதுன்னு யார் சொன்னது?" நான் விடாமல், வைட்டமினாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். "ரத்தத்துல குறைஞ்சிருந்தா குடுக்கலாம். இவருக்குக் குறையலை. போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவர மாத்திரை இன்னும் யார்கிட்டயும் இல்லைம்மா."

வீட்டுக்கு வந்து, யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. "செலவுக்குப் பயப்படுது", "அப்பா குணமாவறதுல இஷ்டமில்ல போல" என்று ஷேர் ஆட்டோவில் பேசியது என் காதுக்கே வந்தது. போகட்டும்.

போன வாரம் பம்மலிலிருந்து பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவரிடமும் சொல்லித்தான் உள்ளே விட்டேன். "ஒண்ணும் குடுக்கலக்கா, சும்மா பாத்துக்கினு போறேன்" என்றார். சொன்னபடியே கொடுக்கவில்லை, ஒரு வல்லாரை பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுப்படியிலிருந்து நான் வரும்போது அப்பா அதைத் திறந்து உள்ளங்கையில் ஒரு மாத்திரையோடு நிற்கிறார். அலறிக்கொண்டு ஓடினேன். அவர் அதை விழுங்கவில்லை. என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை. வாயைத் திற."

குரலில் தடுமாற்றமே இல்லை. பிடுங்க நீட்டிய கையை இறக்கிவிட்டு, வாயைத் திறந்தேன். எரிச்சலா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, அவர் வாயில் போட்ட மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன்.

"முழுங்கிட்டியா? நாக்கை நீட்டு."

"முழுங்கிட்டேன் சார்."

திருப்தியாகத் தலையாட்டினார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். மாடிக் கொட்டகை போய் அங்கே தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது, வல்லாரை முளைத்த ஏரிக்கரையில் வீடுகள் வந்துவிட்டன. எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே நின்றேன். குழாயை மூடிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"உனக்கு வீடு தூரமாம்மா? இருட்டறதுக்குள்ள போயிடு" என்றார்.