ஆறாம் வகுப்பு, அத்திப்பள்ளி

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரே வரிசையாகக் கட்டிய பன்னிரண்டு வாடகை வீடுகளில் ஏழாவது வீடு முனிலட்சுமியுடையது. அப்பா மாதேஷ் சிப்காட்டில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் காண்ட்ராக்ட் ஆள். அம்மா சாந்தம்மா இன்னொரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். முனிலட்சுமி அரசுப் பள்ளியில் படித்து, போன வருடம் ப்ளஸ் டூவில் ஐந்நூற்றுப் பதினாறு வாங்கினாள். இன்ஜினியரிங் கட் ஆஃப் நூற்று அறுபத்தெட்டரை. அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் கல்லூரிக்குப் போக மனுப் போடும் முதல் ஆள் அவள்தான்.

பொதுப்பிரிவில் அந்தக் கட் ஆஃப் பெரிய மதிப்பில்லாதது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் அதே நூற்று அறுபத்தெட்டரைக்கு சென்னையில் நல்ல கல்லூரியே கிடைக்கும். கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். பதினொன்றாவதிலிருந்தே முனிலட்சுமி அதை நம்பித்தான் படித்தாள். சென்னை ஹாஸ்டலில் தலையணை தருவார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்த அளவுக்கு அது அவர்கள் வீட்டில் முடிவாகிப்போன விஷயமாக இருந்தது.

மே மாதக் கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சுரேந்தர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு மனுப் போடப் போனார்கள். பெயர், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஏற்றியாயிற்று. அடுத்து ஒரு கட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு எந்தப் பள்ளி, எந்த மாவட்டம், எந்த மாநிலம்?

அதுவரை அந்த ஆறாம் வகுப்பைப் பற்றி அவர்கள் யாரும் யோசித்ததே இல்லை.

அந்த ஒரு வருடம் மாதேஷுக்கு அத்திப்பள்ளியில் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை. ஓசூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத ஊர்; நடுவில் கர்நாடக எல்லைச் செக்போஸ்ட் ஒன்று, அவ்வளவுதான். மாதேஷ் தான் மட்டும் போய் வருவதாகத்தான் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் தங்க அறை தருகிறார்கள், குடும்பம் எதற்குப் பிரிந்திருக்க வேண்டும் என்று எல்லோரையும் கூட்டிப்போனவள் சாந்தம்மா. மகளை அங்கிருந்த அரசுப் பள்ளியில் கன்னட மீடியத்தில் சேர்த்தாள். ஜூன் முதல் ஏப்ரல் வரை. பிறகு பட்டறை மூடிப்போய் எல்லோரும் மூக்கண்டப்பள்ளிக்கே திரும்பிவிட்டார்கள்.

கர்நாடகா என்று போட்டால் ஏழரை போய்விடும் என்றான் சுரேந்தர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆறாவதையும் ஓசூர் பள்ளி என்றே போட்டுவிடலாம், ஆறாவதை எவன் தோண்டிப் பார்க்கப் போகிறான் என்றான். முனிலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். போடச் சொல்லிவிட்டாள் சாந்தம்மா. அவன் போட்டான். வெளியே வந்து இருவரும் கரும்பு ஜூஸ் குடித்தார்கள். முனிலட்சுமி பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாளே அது வெளிப்பட்டது. ஏழரைக்கான சான்றிதழில் தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும். தலைமை ஆசிரியை ஜெபசீலி சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார். விரலை ஓரிடத்தில் வைத்தபடி சாந்தம்மாவை உட்காரச் சொன்னார். சாந்தம்மா உட்காரவில்லை.

"இவ ஏழாவதுலதாம்மா இங்க சேந்திருக்கா. ஆறாவதும் இங்கதான்னு நான் எப்படி எழுதித் தருவேன்?"

"ஒரே வருசம் மேடம். அதுவும் கவர்மென்ட் ஸ்கூலுதானே. காசு கட்டியா படிக்க வெச்சேன்?"

"அது அந்த கவர்மென்ட்மா. இவங்க கேக்கறது இந்த கவர்மென்ட்டு."

சாந்தம்மா மேசையைச் சுற்றிப் போய் அவர் காலைத் தொடக் குனிந்தாள். ஜெபசீலி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். பொய் என்று பின்னால் தெரிந்தால் இரண்டாம் வருடத்தில்கூட சீட்டை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள், அப்போது பிள்ளைக்கு எதுவுமே மிஞ்சாது என்று எடுத்துச் சொன்னார். மனுவை உடனே திருத்த வேண்டும். அதற்கு கிருஷ்ணகிரியில் உள்ள உதவி மையத்துக்கு நேரில் போக வேண்டும். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. முனிலட்சுமி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் சாந்தம்மா யாரிடமும் சொல்லாமல் ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு அத்திப்பள்ளிப் பள்ளிக்குப் போனாள். அந்த ஒரு வருடத்தை அவர்கள் தங்கள் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று ஏதோ ஒரு நினைப்பு. கன்னடத்தில் அரை மணி நேரம் கெஞ்சியிருக்கிறாள். அங்கிருந்த தலைமை ஆசிரியருக்கு அவள் கேட்டது கடைசிவரை விளங்கவில்லை. படித்ததற்குச் சான்று வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி, ஏட்டைப் பார்த்து, முத்திரை வைத்து, பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தாள் என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தாளை வாங்கிப் படித்த முனிலட்சுமி நான்காக மடித்துத் தரையில் போட்டாள்.

"அப்பா மட்டும் போறேன்னுதானே சொன்னாரு. நீதானே என்னியும் இழுத்துக்கினு போன. உன்னாலதான் எல்லாம் போச்சு."

சாந்தம்மா குனிந்தாள். தாளை எடுத்து பீரோவில் வைத்தாள்.

அன்றிலிருந்து முனிலட்சுமி சரியாகச் சாப்பிடவில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாமல், சாந்தம்மா பக்கத்து வீட்டு ரங்கம்மாவிடம் சொல்லிவைத்தாள்: மணிக்கொரு தரம் உப்பு கேட்பது போலவோ தீப்பெட்டி கேட்பது போலவோ போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா. ரங்கம்மாவும் போனாள். ஐந்தாவது முறை உப்பு கேட்டபோது முனிலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தோடு உப்பைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

நேராக சிப்காட் கேட் எதிரே இருந்த ஆள் எடுக்கும் ஆபீசுக்குப் போனாள். செல்போன் கம்பெனிக்குப் பெண்கள் தேவை என்று வாசலில் போர்டு தொங்கியது. படிப்பே வேண்டாம், இன்றைக்கே சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்துதான் போனாள். உள்ளே இருந்த பெண் ஆதாரை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தாள். பதினெட்டு ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, நவம்பரில் வா என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். வேலையும் இல்லை. முனிலட்சுமி சர்வீஸ் ரோட்டு ஓரம், லாரிகள் போகிற வருகிற தூசியில், இருட்டத் தொடங்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். தேடிவந்த அப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்குக் கடைசி நாளாமே. லீவு சொல்லிட்டேன். காலையில போலாம்," என்றார்.

கிருஷ்ணகிரி உதவி மையத்தில் டோக்கன் நூற்று நாற்பது. மதியம் இரண்டு மணிக்குத்தான் அழைத்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அலுவலர், ஏழரை வேண்டாம் என்று மாணவியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். முனிலட்சுமி எழுதினாள். ஆறாம் வகுப்பு நான் கர்நாடக மாநிலத்தில் படித்தேன் என்ற வரியில் மாநிலம் என்பதை இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது. அலுவலர் அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்துட்டா திரும்பப் போட முடியாது. யோசிச்சுதானே வந்திருக்க?"

"எடுத்துடுங்க மேடம்."

மாதேஷ் பின்னால் நின்று, திரையில் ஏதோ மாறுவதை மட்டும் பார்த்தார். திரும்பும் பஸ்ஸில் சூளகிரி வரை முனிலட்சுமி அழுதாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரேங்க் பட்டியல் வந்தபோது பொதுப்பிரிவில் அவள் இடம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. கவுன்சலிங்கின் முதல் சுற்றில் அவளுக்கு அழைப்பே இல்லை. இரண்டாம் சுற்றுக்கு ஜெபசீலி தன் அறைக்கே கூப்பிட்டு, பள்ளிக் கம்ப்யூட்டரில் இரண்டு நாள் உடன் உட்கார்ந்து அறுபத்திரண்டு கல்லூரிகளை வரிசைப்படுத்தினார். சென்னைக் கல்லூரிகளை மேலே வைக்கட்டுமா என்று முனிலட்சுமி கேட்டாள். வை, கேட்பதற்கு என்ன என்றார் அவர். கிடைத்தது நாற்பத்தெட்டாவது வரியில் இருந்த பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல். அவள் ஆசைப்பட்டது எலக்ட்ரானிக்ஸ். மேலே ஏதாவது வந்தால் போகிறேன் என்று குறித்துக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கடைசி நாளில் போய்ச் சேர்ந்தாள்.

ஹாஸ்டலுக்கு வழியில்லை. காலை ஐந்தரைக்கே கிளம்பி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறிப் போகிறாள். எழுபது பேர் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. அதுவரை கணக்கில் அவள் தோற்றதே இல்லை.

சாந்தம்மாவுக்குக் காலை ஷிப்ட் உள்ள வாரங்களில் இருவரும் ஒன்றாகவே ஸ்டாப்புக்கு நடக்கிறார்கள். அன்றைக்குச் சொன்ன வார்த்தையைப் பற்றி முனிலட்சுமி ஒருமுறை பேச்செடுத்தாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தொடங்கினாள்.

"சொன்னது நெசந்தானே, உடு," என்றாள் சாந்தம்மா. "டப்பாவுல எலுமிச்ச சாதம் வெச்சிருக்கேன். மத்தியானம் வரைக்கும் மூடியத் தொறக்காத, காஞ்சு போவும்."

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. முனிலட்சுமி முன்படியை ஒட்டியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையை முன்பக்கம் மாட்டி நின்றாள்.