அமோனியா அறை

போன வாரம் சலூனில் என் தலைக்குச் சாயம் குழைத்துக்கொண்டு வந்தார்கள். (ஆமாம், பூசிக்கொள்கிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது!) வாடை மூக்கில் ஏறியதும் கண்ணில் நீர் முட்டியது. "எரியுதாண்ணே?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அது அமோனியா வாடை. எனக்கு ஜமாலின் வாடை.

தொண்ணூறுகளின் கடைசியில், டிப்ளமோ முடித்த கையோடு, நாகல் நகரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு மெஷின் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்றில் நானும் ஜமாலும் ஒன்றாகச் சேர்ந்தோம். மகன் 'டிசைன் இன்ஜினியர்' என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நான் செய்ததென்னவோ மெஷின் படம் வரையும் பேனா அடைத்துக்கொண்டால் உதறுவதும், கோடு பிசகினால் பிளேடால் சுரண்டுவதும்தான்.

டிரேசிங் தாளில் வரைந்ததை நகலெடுக்க மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஜன்னல் கிடையாது. அமோனியா ஆவியில் காட்டினால் வெறுந்தாளில் நீலக்கோடுகள் எழும்பிவரும். முதல் தடவை பார்த்தபோது சொக்கிப்போனேன். அடுத்த தடவை இருமிக்கொண்டே வெளியே ஓடினேன். ஜமாலுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். ஆனாலும் முறைவைத்து அவனும் எடுத்தான்.

பிறகு படம் வரையக் கம்ப்யூட்டர் வந்தது, ஒன்றே ஒன்று. அதற்கென்று ஏசி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். "அமோனியாக் கையோட அதத் தொடக்கூடாதுப்பா, கெட்டுப்போகும்" என்றார் முதலாளி. ஆகவே கம்ப்யூட்டரில் உட்காருகிறவனுக்கு நகல் வேலை இல்லை.

"அந்தச் சீட்டு கெடச்சா என் மூச்சு தப்பிச்சிரும் மாப்ள" என்றான் ஜமால்.

முதலாளி இருவரையும் வரையச் சொல்லிப் பார்த்தார். என் கை வேகம். அவன் உட்காரட்டும், எனக்கு நகல் வேலையே போதும் என்றேன். "அவனுக்கு ஒரு நாள் ஆகுறது உனக்கு அரை நாள்ல முடியுது. நீயே உக்காரு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்றுதான் நினைத்தோம். சுரண்ட வேண்டியதில்லை என்றானதும் முதலாளிக்குத் தினமும் புது யோசனை. இந்தத் தண்டைக் கொஞ்சம் நீட்டு, அந்தத் துளையை இங்கே தள்ளு. எனக்கு அது நிமிஷ வேலை. ஆனால் கம்ப்யூட்டர் படமும் டிரேசிங் தாளில்தான் வரும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புது நகல், கூடவே இருமல். ஈரத்தாளோடு வந்து நிற்பான்.

"ஒனக்கு ஏசி, எனக்கு ஆவி. இன்னைக்கு இம்புட்டுத்தானா, இன்னும் இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பான். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு மழைக்காலத்தில் வேலைக்கு வருவது நின்றது. சிறுமலையில் மாமா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனேன். மழை சற்று ஓய்ந்த நேரம், காயப்போட்ட மிளகுக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்தியது.

"இங்க மூச்சு லேசா வருது மாப்ள. மழ விடட்டும், வாரேன். முதலாளி அதுக்குள்ள எதையும் மாத்தாம பாத்துக்க."

மழை விட்டது. அவன் வரவில்லை. பேகம்பூரில் அவனை அடக்கம் செய்தபோது, என் சட்டையிலிருந்து வந்த ஏசி வாசனை எனக்கே பிடிக்கவில்லை.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தோல் ஷாப்புகளும் அநேகமாகப் போய்விட்டன. நகலெடுக்கும் வேலையே இல்லை. இப்போது வேலை பார்க்கும் கோயம்புத்தூரில் நான் வரைவது அப்படியே அங்குள்ள பட்டறைத் திரையில் தெரிகிறது. ஒரு படத்தை எத்தனை தடவை மாற்றினாலும் யாருக்கும் இருமல் வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு திருத்தத்தையும் அனுப்பிவிட்டுச் சற்று நேரம் மவுசைத் தொடாமல் இருக்கிறேன், அவன் இருமி முடிக்கட்டும் என்று.