அந்த நிறத்தில் சேறு கிடையாதாம்

போன வாரம் எதிர் ஃப்ளாட்டில் வாசல் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் நெடி மூக்கில் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் கைக்குட்டையை எடுத்திருப்பார்கள். நான் அங்கேயே நின்று நன்றாக ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டேன். "என்னங்க, அங்கியே நின்னுட்டீங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. என்னத்தைச் சொல்வது? ஊருக்கெல்லாம் அது கதவு வாசனை. எனக்கு மட்டும் அது சேற்று வாசனை. கிறுக்கன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சொல்கிறேன்.

உங்களிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டி, கல்யாணமாகி, ஒரு பெண்ணுக்கு அப்பாவும் ஆன பிறகு, நான் பொம்மை டேங்குகளுக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தேன். ராணுவ டேங்கைச் சொல்கிறேன், மொட்டைமாடித் தண்ணீர் டேங்கை அல்ல. அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். ஒட்டி, பெயின்ட் அடித்தால் ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஸ்கூட்டர் மாதிரி இருக்கும். அதைக் காடுமேடெல்லாம் மழையில் உருண்டு புரண்ட வண்டியாக மாற்றுவதில்தான் வித்தையே இருக்கிறது.

அப்போது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை. பெயின்ட் ஏறுவதற்கு முன் இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ தூசியோ இருக்கக் கூடாது. ஒரு விரல்ரேகை தெரிந்தாலும் மொத்தத்தையும் திருப்பிக் கழுவ அனுப்புவேன். பட்டறைப் பையன்கள் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. அப்படி எட்டு மணி நேரம் அழுக்கை விரட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுக்கை உற்பத்தி செய்கிற மனுஷனோடு ஒருத்தி குடும்பம் நடத்தியிருக்கிறாள். அவளைத்தான் பாராட்ட வேண்டும்.

இந்தக் கிறுக்கு எனக்குத் தானாகப் பிடிக்கவில்லை. ஞானசேகர்தான் கொண்டுவந்து ஒட்டினான். துரோகம் என்ற சொல்லைச் சினிமாவில் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவன் விஷயத்தில் சிரிப்பு வரவில்லை, இத்தனை வருஷமாகியும் வரவில்லை. ஆனால் அவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

மின்சார ரயிலில் பழக்கம். ஆவடியில் ஏறுவான், நகரத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்கச் சாம்பல் நிறத்தையே பார்க்கிறவன் என்பதாலோ என்னவோ, நாம் ஒரு சாம்பல் என்று சொல்கிற இடத்தில் அவனுக்கு ஆறு சாம்பல் தெரியும். டேங்க் தொழிற்சாலை இருக்கிற அந்த ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவன். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு டேங்க் என்றால் புத்தகத்தில் ஒரு படம். ஆவடிப் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்து டிரெய்லரில் ஏறி ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற சனியன்.

"அது போறவரிக்கும் ரோட்டைத் தாண்ட முடியாது மச்சான்" என்பான். "மேல தார்ப்பாய் போட்டு மூடிகினு போவாங்க. கீழ சக்கரம் மட்டும்தான் தெரியும். அதுல ஒட்டிகினு கீற சேத்தையே பாத்துகினு நிப்பேன்."

அந்தச் சேற்றை நானும் பார்த்திருக்கிறேன், அவன் காட்டிய பிறகு. மேலே காய்ந்து வெளிறிய செங்காவி, அதற்கடியில் சாம்பல், சக்கர இடுக்கில் இன்னும் உலராத கறுப்பு. எங்கள் பக்கத்து மண் அப்படி. மேட்டில் செம்மண், ஏரியில் களிமண், இரண்டும் மழைக்கு ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எஸ்டேட் சேறு இன்னொரு ரகம். பட்டறைகளிலிருந்து வழிந்த எண்ணெயும் இரும்புத்தூளும் சேர்ந்து கறுப்பில் லேசாக ஒரு நீலம் மின்னும். இதையெல்லாம் அழகு என்று சொல்கிற ஆட்கள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையானால் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஆவடியில் இருக்கிற பருத்திப்பட்டு ஏரியில் இறங்கிவிடுவோம். ஊறுகாய் பாட்டில்களில் அள்ளி வருவோம். ஒவ்வொரு பாட்டிலிலும் அவன் லேபிள் ஒட்டுவான். எக்ஸ்ரே கவரில் எழுதிப் பழகிய கை, எல்லாம் கொட்டை கொட்டையாக இங்கிலீஷ் எழுத்து, ஒன்றுகூட இன்னொன்றைத் தொடாது. எங்கே எடுத்தது, மழைக்கு எத்தனை நாள் கழித்து எடுத்தது, எல்லாம் இருக்கும். அறுபது பாட்டிலுக்குமேல் சேர்ந்துவிட்டது. என் வீட்டுப் பரணில் ஊறுகாய் வைக்க இடமில்லை.

அந்த வியாதி முற்றிப்போய், மனைவியோடு மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போன இடத்திலும் என் கண் தரையில்தான் இருந்தது. வெளியே லாரி ஒன்று சக்கரம் புதைந்து நின்ற பள்ளத்தில் அருமையான சேறு. பிரசாத டப்பாவைக் காலி செய்து குனிந்தேன். "ஏங்க, சாமி கும்பிட வந்தீங்களா, சேறு அள்ள வந்தீங்களா?" என்றாள். இரண்டுக்கும்தான் என்று சொல்லியிருக்கக் கூடாது. திரும்பும் வழியில் வேலப்பன்சாவடி தாண்டுகிற வரைக்கும் அவள் பேசவில்லை.

மண்ணை மாடியில் காயவைத்து, பொடித்து, டீ வடிகட்டியில் சலிப்போம். அந்த வடிகட்டி யாருடையது என்று கேட்காதீர்கள். பசையும் கொஞ்சம் பெயின்ட்டும் விட்டுக் குழைத்து, முதலில் காய்ந்த சேறு. அதன்மேல் இடுக்குகளில் மட்டும் அடர்ந்தது. தெறிப்புக்கு, பிரஷ்ஷில் கலவையைத் தொட்டு ஜூஸ் ஸ்ட்ராவால் ஊத வேண்டும். ஈரம் கடைசி. ஈரத்துக்குத்தான் வார்னிஷ். தெறித்ததில் பாதியை மட்டும் தொட்டு நனைக்க வேண்டும். ஆசைப்பட்டு முழுதும் நனைத்தால் போச்சு, வண்டிக்கு வியர்த்த மாதிரி ஆகிவிடும். வார்னிஷ் வாங்கப் பூந்தமல்லியில் ஒரு பாய் கடைக்குப் போவோம். "இன்னா நைனா, ஊருல அல்லாரும் கதவு பளபளன்னு இருக்கணும்னு வாங்கிகினு போறான். நீங்க ரெண்டு பேரு மட்டும் சேறு பளபளன்னு இருக்கணும்னு வர்றீங்க" என்பார். சிரித்துக்கொண்டே சின்ன டப்பாவாகத் தேடி எடுத்துக் கொடுப்பார்.

அப்படி ஆறேழு வருஷம். பிறகு ஒரு கல்லூரி அரங்கத்தில் இந்த மாதிரிப் பொம்மை மாடல் செய்கிறவர்களுக்குப் போட்டி ஒன்று அறிவித்தார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள். ஞானசேகரை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். இணையத்தில் அவன் போட்ட படங்களைப் பார்த்து வந்த மரியாதை. "இந்த வாட்டி நான் கையே வெக்க மாட்டேன் மச்சான். எனக்குக் காட்டவும் காட்டாத. நீயே செய்" என்றான். நியாயமான பேச்சு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மாதம் செய்தேன். இந்தப் போட்டிகளில் எல்லாரும் வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து அந்த ஊர்ச் சாக்லேட் நிறச் சேற்றையே பூசுவார்கள். நான் நம் ஊர் டேங்கை, நம் ஊர் மழையில், நம் ஊர்ச் சேற்றோடு நிறுத்தினேன். செங்காவி, சாம்பல், கறுப்பு, அந்த நீல மினுக்கு எல்லாம் இருந்தன. போட்டியில் செய்தவன் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். பரிசு கிடைக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட ஒன்றுக்கு ஏங்கினேன். ஒரே ஒரு ஆள் அதன் முன்னால் நின்று, "இது ஆவடி சேறாச்சே" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் நடுவராகவே உட்கார்ந்திருந்தான். இதைவிட என்ன வேண்டும்?

மாலையில் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது நடுவர் குறிப்பு என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். வேலைப்பாடு நன்று, ஆனால் சேற்றின் நிறம் நம்பும்படி இல்லை, இப்படி ஒரு நிறத்தில் இயற்கையில் சேறு கிடையாது என்று இங்கிலீஷில் இரண்டு வரி. யாரோ விவரம் தெரியாதவன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தேன். கொட்டை கொட்டையாக, ஒன்றையொன்று தொடாமல் இருந்தது. என் பரணில் அறுபது பாட்டிலில் இருக்கிற அதே கை.

வாசலில் டீக்கடையில் பிடித்தேன் அவனை. தாளை நீட்டினேன்.

"இது நீ எழுதுனதுதானே?"

"ஆமா மச்சான்."

"சேறு எங்க எடுத்ததுன்னு உனக்குத் தெரியல?"

டீயை ஊதினான். "பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சு. பருத்திப்பட்டு. கீழ இருக்கறது எஸ்டேட்."

"அப்புறம்?"

"கூட இருந்த ரெண்டு பேரும் வெளியூர்க்காரங்கடா. இன்னா கலரு இதுன்னு சிரிக்கிறாங்க. இந்தக் கலருல சேறு கீதுன்னு நான் சொன்னா, சிநேகிதனுதுன்னு கண்டுபுடிச்சிடுவாங்க. அட்த்த வாட்டி கூப்புடுவாங்களா?"

"சரி, வாயை மூடிக்கினு இருந்திருக்கலாமே. ஏன்டா எழுதுன?"

ரோட்டைப் பார்த்தபடி டீயை ஒரு வாய் குடித்தான். "மூணு பேருல பேனா என்கிட்ட இருந்துச்சு" என்றான்.

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தெரியாமல் எழுதியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். முழங்கால் அளவு அதே சேற்றில் என்னோடு நின்றவன், அப்படி ஒன்று கிடையாது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கிறான். அடுத்த முறையும் கூப்பிட வேண்டுமாம். எனக்கு அழுகை வந்தது, பஸ்ஸிலேயே. சேற்றுக்காக அழுகிறேன் என்று கண்டக்டரிடம் சொல்லவா முடியும்?

அந்த வாரமே பாட்டில்களையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாகக் கால்வாயில் கொட்டினேன். "இத்தனை வருசமா நான் கத்துனப்ப கொட்டல, இப்ப எதுக்குங்க கொட்டுறீங்க?" என்றாள் மனைவி. அவளுக்கே வருத்தமாக இருந்திருக்கிறது பாருங்கள். ஞானசேகர் இரண்டு முறை போன் செய்தான், நான் எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவன் செய்யவில்லை. ஊர் ஊராக நடுவராகப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அந்த டேங்க் பீரோ மேலேயே இருந்து வார்னிஷ் மஞ்சளித்து, இந்த ஃப்ளாட்டுக்கு வந்தபோது சாமான் வண்டியில் நசுங்கிப்போனது. படம் எடுத்து வைத்திருந்த பழைய செல்போனும் இப்போது இல்லை.

வார்னிஷ் நெடி அடித்த மறுநாள் மழை. என்ன தோன்றியதோ, ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனேன். ஏரியைச் சுற்றிக் கல் பதித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். படகு விடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. கரையைக் குனிந்து குனிந்து பார்த்தபடி முழுச் சுற்றும் வந்துவிட்டேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று, "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்றார்.

"சேறு பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ கிளீன் பண்ணிட்டாங்க சார். தைரியமா நடங்க" என்றார் அவர்.

வரும் வழியில் எஸ்டேட்டிலும் பார்த்தேன். சிமென்ட் ரோடு, ஓரத்தில் மூடிய கால்வாய். பட்டறைகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். செங்காவியும் சாம்பலும் நீலம் மின்னும் கறுப்புமாக அங்கே ஒரு சேறு இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் என்னை எதை வைத்து நம்புவீர்கள்? லட்சம் பேர் அதை மிதித்தார்கள், திட்டினார்கள், வீட்டு வாசலில் கழுவிவிட்டு உள்ளே போனார்கள். உற்றுப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குச் சாட்சி சொல்ல அவனை விட்டால் ஆள் கிடையாது. அவனோ அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டான்.