பாகூர் வாசலில் நின்ற வேன்

இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் பெருமைப்பட்ட பகுதியும் உண்டு. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் வில்லியனூரில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. ஆயில் இஞ்சின், பம்ப்செட், லாரி, எது வந்தாலும் கழற்றி மாட்டிவிடுவேன். ஒருநாள் ஒதியம்பட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார ஜோடியின் வேன் மக்கர் பண்ணி நிற்கிறது என்று என்னை அழைத்துப்போனார்கள். இஞ்சினைப் பார்க்கப் போனவன் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். மெத்தை, அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் இருந்தன. மூலையில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் தங்கள் நாட்டிலிருந்து ரோடு வழியாகவே வந்திருந்தார்கள். வீடு எங்கே என்று சைகையில் கேட்டேன். அந்தப் பெண் வேனின் தகரத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

மூன்று நாளில் கியர் பாக்ஸைச் சரி செய்து கொடுத்தேன். அவர்கள் போய்விட்டார்கள். பித்து என்னைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் அந்த வேன், படுக்கும்போதும் அந்த வேன். ஊர் ஊராகப் போகலாம், போகிற இடத்தில் பம்ப்செட் ரிப்பேர் பார்க்கலாம், காசிவரைக்கும் போகலாம், திரும்பவே வேண்டாம் என்று என் மனதுக்குள் ரோடு போட்டுக்கொண்டே போனேன். அந்த ரோட்டில் என் மனைவியும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டேனா என்றால் இல்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வாய் என் அக்காவுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், மனைவி பரிமாறிக்கொண்டிருக்கிறாள். அக்கா சொன்னாள்: "திருக்கனூர்ல ஒரு பொண்ணு கீது தம்பி. நல்ல எடம். எத்தினி நாளைக்கு இப்படியே இருப்ப?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ரசம் கேட்டேன். மனைவி ரசம் ஊற்றினாள். அக்காவைத் திட்டியிருக்கலாம், இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அக்கா பேசுவது அவள் சுபாவம், அதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்தப் பேச்சு பத்து நாளில் பாகூர் போய்ச் சேர்ந்தது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

பாகூர் என் மாமனார் ஊர். அங்கே அவருக்குக் கரும்பும் நெல்லும் நிறைய. கஞ்சி போட்ட வேட்டியும் தோளில் துண்டுமாக நிமிர்ந்து நடப்பார். என்னை மாப்பிள்ளை என்று என் முகத்துக்கு நேரே சொல்வார். மற்றவர்களிடம் "நம்ம மெக்கானிக்கு" என்பார். அவர் வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தால் எழுந்த பிறகு கிரீஸ் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். இதை நான் மறக்கவில்லை. சின்ன மனசுக்காரனுக்கு ஞாபகசக்தி அதிகம்.

அந்த வருஷம் மனைவியின் தங்கைக்குப் பிரசவம். தாய் இல்லாத வீடு. பிள்ளை பெறாதவள் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பொங்கிப்போடப் பாகூர் போனாள். ஒரு மாதமாகும் என்றாள். அவள் பஸ் ஏறிய மறுநாளே நான் பாண்டிச்சேரி டவுனுக்குப் போய், ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய வேனை வாங்கிவந்தேன். அவள் வருவதற்குள் வீடாக்கி, அசத்திவிட வேண்டும் என்று எண்ணம்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. இரண்டு பக்கமும் தகரத்தை வெட்டி, உடைத்த பஸ்ஸிலிருந்து எடுத்த ஜன்னல்களைப் பொருத்தினேன். ஸ்டவ் ஆடாமலிருக்க இரும்புச் சட்டம் அடித்தேன். ஒரு டிரம்மைக் கூரையில் கட்டிக் குழாய் இறக்கினேன். எவ்வளவு கழுவியும் உள்ளே ரொட்டி வாசனை போகவில்லை. அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். பிறகு சாமான்கள். புதிதாக எதற்கு வாங்க வேண்டும்? வீட்டில் இருந்தது எல்லாம் அவள் சீராகக் கொண்டுவந்ததுதான். அவளுடைய தவலை, அண்டா, குத்துவிளக்கு, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, உருளாமல் கயிறு போட்டுக் கட்டினேன். அம்மியைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தேன். பாரம் ஒரு பக்கம் சாயக்கூடாது, மெக்கானிக் அல்லவா.

கட்டில்தான் தகராறு பண்ணியது. தேக்குக் கட்டில், மாமனார் சொந்த மரத்தை அறுத்துச் செய்து கொடுத்தது. நீளவாக்கில் போட்டால் அடுப்புக்கு இடமில்லை. குறுக்கே போட்டால் ஒரு சாண் இடித்தது. ரம்பத்தை எடுத்துக் கால்மாட்டில் ஒரு சாணை அறுத்தேன். அளவு சரியாக உட்கார்ந்ததும் விசிலடித்தேன்.

வாடகை வீட்டைக் காலி செய்து சாவியையும் கொடுத்துவிட்டேன். தங்கைக்கு முப்பதாம் நாள் கழிந்த பிறகு ஒரு காலையில் வேனைக் கிளப்பினேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டும்போது பாட்டு வேறு. பாகூருக்குள் நுழைந்தபோது மணி பத்து இருக்கும். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஹாரன் அடித்தேன். உள்ளே நான் செய்திருக்கும் வேலை நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக வேனை ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கத்தை மாமனார் வீட்டு வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கி இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணை வேண்டாம் என்று தீர்த்துவிட்டால் அவள் கொண்டுவந்த சீரை வண்டியில் ஏற்றி, அப்பன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். வண்டியைப் பின்பக்கமாகத்தான் நிறுத்துவார்கள், இறக்க வசதியாக. இது எனக்குத் தெரியாததா? தெரியும். இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது வேனும் வீடும் காசியும்தான். அந்தத் தெருவின் கண்ணுக்குத் தெரிந்தது மாமனார் பெயர் வெட்டிய அண்டாவும், அறுத்துப்போட்ட கட்டிலும்.

மனைவி தோளில் தங்கையின் குழந்தையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், வேனுக்குள் பார்த்தாள். நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அவள் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வேனில் ஏறிக் கயிற்றை அவிழ்த்து, குத்துவிளக்கை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். திரும்ப ஏறித் தவலையை எடுத்துவந்தாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. மாமனார் வந்தபோதுதான் புரிந்தது. களத்திலிருந்து யாரோ சொல்லி ஓடிவந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை. கட்டிலின் அறுத்த முனையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தெருவே நிற்கிறது. என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"மாப்ள, திருக்கனூர்ப் பொண்ணையே கட்டிக்கினு வாங்க. நான் வாணாம்னு சொல்லல. இவள வூட்ல ஒரு ஓரமா வச்சிக்கங்க. வேல செஞ்சிக்கினு கெடப்பா. இப்படி எறக்கி வுட்டுட்டுப் போவாதீங்க."

இங்கேதான் எழுதக் கூசுகிறது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நிமிஷமே "ஐயோ மாமா" என்று அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் பிடிக்கவில்லை. நாற்காலியில் கிரீஸ் தேடிய அந்த மனுஷர் தெருவுக்கு முன்னால் என்னைக் கும்பிட்டு நிற்கிறார். அது எனக்கு இனித்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், அவள் வேனுக்கு இரண்டு நடை போய்வந்த நேரம். அண்டாவை இறக்கினாள். டிரங்குப் பெட்டியை இழுத்து இறக்கினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள்தான் பேசினாள், என்னிடம் இல்லை. "நீ உள்ள போப்பா. வெயில்ல நிக்காத. நான் எறக்கிக்கிறேன்."

அந்தக் குரலில் அழுகை இல்லை. எப்போதோ எதிர்பார்த்தது இன்று வந்துவிட்டது, வேலையை முடிப்போம் என்கிற குரல். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "மாமா, இது நாங்க குடியிருக்கப் போற வூடு. இவள கூட்டிக்கினு ஊர் ஊரா போவத்தான் செஞ்சி எடுத்தாந்தேன்" என்று உளறினேன். யாருக்கும் புரியவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காட்டினேன், குழாயைத் திறந்து காட்டினேன், கட்டிலில் படுத்தே காட்டினேன். கடைசியில் ஒருவன் சிரித்தான், பிறகு தெருவே சிரித்தது. மாமனாரும் சிரித்தார். கோழி அடிக்கச் சொன்னார். சாப்பிடும்போது என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்; முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சாகும்வரை அதற்குப் பிறகு என்னை மெக்கானிக்கு என்று யாரிடமும் சொன்னதில்லை என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது எனக்கு இனிக்கவில்லை.

மனைவி எல்லாச் சாமானையும் திரும்ப ஏற்றினாள். வர மாட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வில்லியனூரில் வீடும் இல்லை என்று அறிந்தபிறகு அவள் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தினேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாத்தான் பண்ணிக்கிறீங்க" என்றாள். பிறகு, விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்:

"என்னிக்காவது என்ன அனுப்பணும்னு தோணிச்சின்னா, எங்க அப்பா வாசல்ல கொண்டாந்து நிறுத்தாதீங்க. எந்த ஊர்ல இருக்கமோ அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல வுட்டுடுங்க. நானே போயிக்கிறேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத" என்றேன். அனுப்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய பதில் அதுதான் என்று தெரிந்தும், குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டயரில் காற்றைப் பார்க்கப் போனேன்.

நாலு வருஷம் அந்த வேனில் இருந்தோம். காசிக்கும் போனோம். அவள் முகம் சுளித்ததில்லை, வழியில் கிடைத்த சிநேகிதிகளோடு சிரித்துப் பேசியிருக்கிறாள், என்னைக் கேலி பண்ணியிருக்கிறாள். பார்த்தவர்கள் எங்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்றார்கள். ஆனால் எந்த ஊரில் வேனை நிறுத்தினாலும், இறங்கியதும் முதல் காரியமாக யாரையாவது பிடித்து பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டுவைத்துக்கொள்வாள். பாஷை தெரியாத ஊரிலும் சைகையில் கேட்பாள். ஏன் கேட்கிறாய் என்று நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.