மூன்று கிழமைக்கு ஒருமுறை வந்தவர்கள்

தவமலர் இறந்த செய்தியை நான் முதலில் நம்பவில்லை. துக்கத்தினால் நம்பவில்லை என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், உண்மை வேறு. காலை ஏழு மணியளவில் அறியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்குரல், "ஐயா, மலர் அக்கா போட்டா" என்றது. யாரோ இறந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்திருந்தேன். ஆகவே, "ஆர் கதைக்கிறது? எந்த மலர்? எந்த ஆசுப்பத்திரி?" என்று அடுக்கிக் கேட்டேன்.

"ஐயா, நான் நேர்ஸ் சுகந்தி. மாதத்துக்கு ஒருக்கா உங்கடை விறாந்தையிலைதான் செருப்புக் கழட்டிறனான். என்னைத் தெரியேல்லையோ?" என்று அழுதபடியே கோபித்தார். நான்கு நாள் காய்ச்சல். அன்று விடியத்தான் உயிர் பிரிந்திருந்தது. அப்போதும் நான் இலக்கத்தை ஒரு துண்டில் குறித்து வைத்துவிட்டு, ஆசுப்பத்திரிக்கு வேறாக ஒருமுறை அழைத்துக் கேட்டேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அச்சிடுகிறவர்கள் அவருடைய உறவினர்கள் அல்லர்; அவருடைய வாடிக்கையாளர்களாகிய நீங்கள். எழுதும்படி கேட்க மங்கை ரீச்சர் வந்தார். நான் எழுத்தாளன் இல்லை, காணிப் பதிவகத்தில் முப்பத்துநான்கு வருடம் காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பிரதி பண்ணியவன் என்று தயங்கினேன். "அவவின்ரை கடைக்கு ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டு ஏழு வருசமா யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டிருந்த ஆள் நீங்கள்தானே. உங்களைவிட ஆருக்குத் தெரியும்?" என்றார் ரீச்சர். மறுக்க முடியவில்லை.

தவமலர் முதன்முதலாக வந்தது மாரி காலத்து முற்பகல் ஒன்றில். பருத்தித்துறை பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என் மனைவி இறந்தபின் பூட்டிக்கிடந்த முன்னறையையும் அதையொட்டிய சின்ன அறையையும் வாடகைக்குக் கேட்டார். அழகு நிலையம் தொடங்கவிருப்பதாகச் சொன்னார். படித்த சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டையின் பிரதி எல்லாவற்றையும் நான் கேட்குமுன்பே மேசையில் வைத்தார். கேட்குமுன் கடதாசி நீட்டுபவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்பது பதிவகக் கந்தோரில் நான் பழகியது.

"உங்கடை மனுசன் என்ன செய்யிறார், பிள்ளை?" என்றேன்.

"அவர் இப்ப இஞ்சை இல்லை, ஐயா."

எங்கே என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் கேட்காத அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டேதான் அவரைப் பார்த்தேன். வெளிநாட்டுக் கடிதம் வருகிறதா, பொங்கலுக்காவது ஒருவர் வருகிறாரா, தொலைபேசியில் கதைக்கும்போது குரல் மாறுகிறதா என்று கவனித்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே என் சந்தேகத்தை வளர்த்தது.

முதல் இரண்டு மாதம் அவருடைய கதிரை வெறுமையாகவே கிடந்தது. அவர் கலங்கவில்லை. "புருவம் திருத்தினதை ஆர் கவனிக்கப் போகினம், ஐயா? பொம்பிளை மணவறையிலை இருந்தா முந்நூறு பேர் பாப்பினம்" என்றார். தும்பளையில் ஒரு மணப்பெண்ணை அலங்கரித்தார். அவர் சொன்னபடியே பார்த்தவர்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த கலியாணக் காலத்துக்கு ஒன்பது பேர் நாள் குறித்திருந்தார்கள். முன்னறை யன்னலில் மணப்பெண்களின் படங்கள் ஏறின.

அந்த நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன். தவமலர் நெல்லியடிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் ஓட்டோவில் வந்து இறங்கினார். மகளின் அலங்காரத்துக்கு நாள் குறித்திருந்தவர். அழகு நிலையத்தின் கதவைத் தட்டாமல் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உந்தப் பிள்ளையின்ரை மனுசன் உயிரோடை இருக்கிறாரோ?"

"எனக்குத் தெரியாது."

"உங்கடை வீட்டிலைதானே இருக்கிறா?"

"முன்பக்கம் மட்டுந்தான் குடுத்திருக்கிறன்."

"ஒருநாளாவது அவர் வந்து கண்டிருக்கிறியளோ? ஒரு கடுதாசி?"

"நான் காணேல்லை."

"அதுக்கில்லை, அண்ணை. பொம்பிளையின்ரை நெத்தியிலை கை வைக்கப்போற ஆள். நாளைக்கு ஒண்டெண்டா ஊர் என்னைத்தானே கேக்கும்?"

நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. உறுதியில் இல்லாததை உண்டு என்றும் எழுதக்கூடாது, இல்லை என்றும் எழுதக்கூடாது என்று பழகியவன் நான். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன நிம்மதியோடு அன்று தேநீர் குடித்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒன்பது பேரில் ஏழு பேர் விலகினார்கள். ஒருவருக்குக் கனடாவிலிருந்து வரும் மச்சாள் அலங்கரிப்பாராம். இன்னொருவரின் கலியாணம் கொழும்புக்கு மாறிவிட்டதாம். மற்றொருவர், பொம்பிளைக்குப் பவுடர் ஒத்துக்கொள்ளாது என்றார். எல்லோரும் பண்பாகவே பேசினார்கள். இருவர்கூட ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. "பறவாயில்லை அம்மா, பறவாயில்லை" என்று தவமலர் தொலைபேசியில் சொல்வது சுவர் வழியே கேட்டது. யன்னலிலிருந்த படங்களைக் கழற்றினார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த மௌனத்தையும் நான் நம்பவில்லை. எனக்கெதிராக ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்து, வாடகை ஒப்பந்தத்தை எடுத்து இரண்டுமுறை வாசித்தேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், படிவம் ஒன்றுடன் வந்தார். "கந்தோர்த் தமிழ் எனக்கு விளங்கேல்லை, ஐயா. வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். காணாமற்போன ஒருவருக்கு இறப்புச் சான்றிதழ் பெறுவதற்கான விண்ணப்பம் அது. யுத்தத்தின் கடைசி நாள்களில் தண்ணீர் எடுக்கப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. கணவரின் தமக்கை பெயர், விவரமெல்லாம் நிரப்பிக் கிளிநொச்சியிலிருந்து அனுப்பியிருந்தார். தவமலரின் கையெழுத்து மட்டுந்தான் வேண்டும். நான் ஒவ்வொரு பந்தியாக விளக்கினேன்.

"இதிலை கையெழுத்து வைச்சா நான் ஆர், ஐயா?" என்றார். நான் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே தொடர்ந்தார்: "அந்த அம்மா வந்து கேட்டதும் நீங்கள் சொன்னதும் எனக்குத் தெரியும். நீங்கள் பொய் சொல்லேல்லை. அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. ஆனா ஐயா, அவ கேட்டது அதை இல்லை. என்ரை கை தன்ரை பிள்ளைக்கு ஆகுமோ எண்டு கேட்டவ. அதுக்கு உங்களுக்கு மறுமொழி தெரியும்தானே?"

படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனார். கடைசிவரை அதில் அவர் கையெழுத்து வைக்கவில்லை.

நானும் மனைவியை இழந்தவன். ஆனாலும் கலியாண வீடுகளில் முன்வரிசையில் கதிரை போட்டு என்னை இருத்துகிறார்கள். மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடக் கூப்பிடுகிறார்கள். என் கை ஆகுமோ என்று ஒருவரும் யாரிடமும் போய் விசாரித்ததில்லை. இவ்வளவு சின்ன விடயம் எழுபது வயது கடந்தபின்தான் எனக்கு உறைத்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

அவர் அறையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பலகையிலிருந்த 'மணப்பெண் அலங்காரம்' என்ற வரிக்கு மேல் வெள்ளை அடித்தார். "கலியாணப் பொம்பிளை ஒருநாள்தான் வருவா, ஐயா. ரீச்சர்மார் மூண்டு கிழமைக்கு ஒருக்கா வருவினம். அவைக்கு என்ரை மனுசன் எங்கையெண்டு தேவையில்லை. தங்கடை தலை நரைச்சதுதான் அவைக்குக் கவலை" என்றார்.

அவருடைய முறை உங்களுக்குத் தெரியும். கதிரையை விட்டு எழுமுன்பே அடுத்த திகதியைச் சின்ன மட்டையில் எழுதித் தருவார். மூன்றாம் நாள் அழைத்து, தலைக்குப் பூசியது கடிக்கிறதா என்று மட்டும் கேட்பார். ஒருவர் போய் அரை மணித்தியாலம் கழிந்தபின்தான் அடுத்தவரை வரச் சொல்வார். இந்த இடைவெளி எனக்குப் பெரிய சந்தேகத்தைத் தந்தது. வருகிறவர்கள் ஏன் ஒருவரையொருவர் காணக்கூடாது? அதிலும், வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் கறுப்புக் குடை ஒன்று ஒழுங்கைப் பக்கத்துச் சின்னப் படலைக் கதவால் வந்து போகும். நாட்காட்டியில் புள்ளி வைத்துப் பார்த்தேன்: சரியாக இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. துணிந்து ஒருநாள், "ஆர் பிள்ளை அது?" என்று கேட்டும் விட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, ஐயா. நீங்கள் கண்டது குடையைத்தானே" என்றார்.

குடைக்குள் வந்தவர் மங்கை ரீச்சர். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விதவை தலைக்கு மை பூசுகிறாள் என்று ஊர் கதைக்கும் என்று பயந்து அப்படி வந்திருக்கிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கோ. இப்ப நான் குடை பிடிக்கிறேல்லை" என்றார். அவரைப்போல் எத்தனை பேர் வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும், புள்ளி வைத்தவன் அல்லவா; பெயர்களை எழுத மாட்டேன். ஒளித்து வந்தவர்கள் ஊரில் வாய் திறக்க மாட்டார்கள், ஆகவே இந்த வியாபாரம் பரவாது என்று கணித்தேன். என் கணக்குப் பிழைத்தது. ஒளித்து வந்த ஒவ்வொருவரும், ஒளித்து வரவேண்டிய இன்னொருவரை அனுப்பினார்கள். இங்கே கண்டது இன்னொரு காதுக்குப் போகாது என்ற ஒரே நம்பிக்கையில், இரண்டு வருடத்துக்குள் அவருடைய கிழமைகள் எல்லாம் நிரம்பின.

இன்னொரு நாள், பத்து நாளில் கலியாணம் வைத்திருந்த ஒரு பிள்ளை, பெயர் ஒட்டாத டப்பா ஒன்றைக் கொண்டுவந்து முகம் வெளுக்கப் பூசிவிடச் சொன்னார். "பேர் இல்லாத பூச்சை என்ரை கையாலை பூச மாட்டன்" என்றார் தவமலர்.

"அப்ப என்னத்துக்கு அழகு நிலையம் வைச்சிருக்கிறியள்?"

"நாளைக்கும் திறக்கிறதுக்கு, பிள்ளை."

இதைச் சுவர் வழியே கேட்ட நான், வெளிப்பேச்சுக்கு மறுத்துவிட்டு மறைவாக விற்பாரோ என்று எண்ணினேன். மறுநாள் அவருடைய குப்பை வாளியைக் கிண்டிப் பார்த்தேன். பஞ்சும் நூலுந்தான் இருந்தன. பின்னால் வந்து நின்றவர், "என்ன ஐயா, ஏதும் துலைச்சுப்போட்டியளோ?" என்றார். நான் மூக்குக்கண்ணாடி என்றேன். அது என் மூக்கில் இருந்தது. அவர் சிரிக்காமல், "ஓம், கவனமாத் தேடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் தானாகவே திரும்பி வந்தார். இந்த மலரின் அட்டைக்குப் படம் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

பிரேதத்தை என் விறாந்தையில் வைத்தோம். நீங்கள்தான் குளிப்பாட்டி உடுத்தினீர்கள். சுகந்தி தலை வாரினார். அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த கூறைச்சேலையை யாரோ எடுத்து வந்தார். குங்குமத்தை எடுத்தபோது கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த மச்சாள் கையை நீட்டித் தடுத்தார்.

"பொட்டு வைக்காதேங்கோ. என்ரை தம்பி செத்து எத்தினை வருசம். எனக்குத் தெரியும்."

"அவ ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார் சுகந்தி.

"நீங்கள் வெளி ஆக்கள். ஐயா, நீங்கள் வீட்டுக்காரர், வயசானவர். நீங்கள் சொல்லுங்கோ."

இந்தமுறை மறுமொழி எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்லித் தந்தவர்தான் அங்கே கிடந்தார். வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஐயாவைக் கேளாதேங்கோ. அவர் யோசிச்சு முடிய நாளைக்காகும்" என்று சொல்லிக்கொண்டு மங்கை ரீச்சர் குங்குமத்தை எடுத்தார்.

"ரீச்சர், நீங்கள் வைக்கப்படாது. நீங்கள்..."

"ஓம், நான் விதவைதான். இவ இவ்வளவு காலம் என்ரை தலையிலை கை வைச்சவ. எனக்கு ஒண்டும் ஆகேல்லை. என்ரை கையாலை இவவுக்கு இனி என்ன ஆகப்போகுது?"

பொட்டை வைத்தார். அது சற்றுக் கோணலாக விழுந்தது. மச்சாள் கிட்ட வந்தார். பிறகு குனிந்து, தன் சேலைத் தலைப்பால் அதன் ஓரத்தை வட்டமாகத் துடைத்துவிட்டு, பெருங்குரலெடுத்து அழுதார்.

அடுத்த கிழமை ஒருவர் படியேறி வந்தபோது, அறையிலுள்ள சாமான் எதையாவது கேட்க வந்தாரோ என்று நினைத்தேன். "இண்டைக்கு என்ரை திகதி, ஐயா. வீட்டிலை இருக்க மனம் வரேல்லை" என்றார். அறையைத் திறந்துவிட்டேன். கதிரையில் கால் மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். மட்டையில் திகதி இருந்த பதினொரு பேரும் அப்படியே, தங்கள் தங்கள் நாளில், ஒருவரையொருவர் சந்திக்காமல் வந்து போனீர்கள்.

அவரிடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். துணிவை என்று எழுத ஆசைதான். அன்று விறாந்தையில் நின்றவர்கள் நீங்கள், சிரிப்பீர்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பொறுப்பு மட்டும். கணவரைத் தேடிப் போன இடமெல்லாம் தவமலர் இந்த வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறார். மச்சாள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று என் புத்தி சொல்கிறது. என்றாலும் தவமலர் கையெழுத்து வைக்காத ஒன்றை நான் முடித்து வைக்க முடியாது. முன்பு, அறியாத ஆண் ஒருவர் படலையில் நின்றால் அவர் போகும்வரை உள்ளேயே இருந்துவிடுவேன். இப்போது வயதைப் பார்க்கிறேன். ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும்போல் தோன்றினால் எழுந்து போகிறேன். போன கிழமை வந்தவர் மின்சார மீற்றர் பார்ப்பவர். அதற்கு முன் வந்தவர் தேங்காய் வாங்குபவர். இருவருக்கும் படலையை அகலத் திறந்து, "ஆரைத் தேடி வந்தனீங்கள்?" என்று நானே முந்திக் கேட்டேன்.